தாலி கட்டும் படங்கள் எல்லாம் நீலம், எடிட் செய்தால் சரியாகுமா?

செந்தூல்காரன் | ஞாயிறு, இரவு 10.48

எல்லாருக்கும் வணக்கம். போன மாதம் தங்கச்சிக்குக் கல்யாணம். கோலாலம்பூரில் ஒரு மண்டபம், காலை 9-லிருந்து 10.30-க்குள் முகூர்த்தம். படம் எடுத்தவர் தெரிந்தவருக்குத் தெரிந்தவர், 3,200 வெள்ளி (ரிங்கிட்) பேசி முடித்தோம். நேற்று பென்டிரைவ் கைக்கு வந்தது, ஏறக்குறைய 900 படம். குடும்பமே டிவி முன்னால் உட்கார்ந்தது. இருபது படம் ஓடியதும் யாரும் பேசவில்லை, அம்மா எழுந்து தே கலக்கப் போய்விட்டார்.

தாலி கட்டும் நேரம் பார்த்து மேடை விளக்கை நீலத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். மாப்பிள்ளை, தங்கச்சி, ஐயர், மணவறை எல்லாம் நீலம், தங்கச்சி முகம் மைக்கூட்டில் முக்கி எடுத்த மாதிரி. அட்சதை போடும் படத்தில் அப்பாவின் கையும் முகமும் இழுபட்டுக் கிடக்கின்றன. சில படங்களில் குறுக்கே இருட்டுப் பட்டை பட்டையாக ஓடுகிறது. வாசலில் எடுத்ததில் வெயில் பட்ட இடமெல்லாம் வெள்ளைத்தாள். குடும்பப் படத்தில் முன்வரிசை தெளிவு, பின்வரிசையில் பாட்டி மங்கல் (பாட்டியைப் பின்னால் நிற்க வைத்தது யார் என்பது தனி வழக்கு, சித்தி இதைப் படிக்க மாட்டார் என்று நம்புகிறேன்).

ஒரு எடிட்டரிடம் காட்டினேன். படத்துக்கு 40 வெள்ளி, "எல்லாத்தையும் சரி பண்ணிடலாம் போஸ்" என்றார். 62 படத்துக்குக் கணக்குப் போட்டால் 2,480 வெள்ளி. கொடுக்கலாமா?

பழைய லைட்பாக்ஸ் | ஞாயிறு, இரவு 11.20

தம்பி, பணத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். வந்தது ஜேபெக்கா, ரா கோப்பா?

ஆல்பம் வேலையில் எனக்கு இருபது வருடம் தாண்டிவிட்டது. வருகிறவர்கள் எல்லாரும் படத்தைக் காட்டிச் சரி செய்ய முடியுமா என்பார்கள், நான் கோப்பைத்தான் கேட்பேன். கேமரா பிடித்ததை அப்படியே வைத்திருக்கும் ரா என்பது அரைத்த மாவு, கேமராவே முடித்துச் சுருக்கிக் கொடுக்கும் ஜேபெக் என்பது சுட்ட தோசை. மாவில் உப்புக் குறைந்தால் போட்டுக் கலக்கலாம், தோசையில் மேலே தூவத்தான் முடியும். 14 பிட் ரா கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் 16,384 படிநிலை, ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 தான். ராவில் ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சமன்செய்வது) என்பது ஓரத்தில் எழுதிவைத்த குறிப்பு மாதிரி, அழித்துவிட்டு வேறு எழுதலாம். ஜேபெக்கில் அது உள்ளே வெந்துபோன விஷயம்.

போட்டோகிராபரிடம் ரா கேளுங்கள். அழித்துவிட்டேன் என்றாலும் விடாதீர்கள். அந்தக் கார்டில் அதற்கப்புறம் எதுவும் எடுக்காமல் இருந்தால் மீட்பு மென்பொருளில் பெரும்பாலும் திரும்ப வரும். கார்டை அழிப்பது என்றால் அட்டவணையைத்தான் அழிக்கிறார்கள், படம் அதன் மேல் வேறு படம் ஏறும்வரை அங்கேயே கிடக்கும். நாளைக்கே கேளுங்கள், அவருக்குச் சனிக்கிழமை அடுத்த கல்யாணம் இருக்கும்.

மாமாக்கடை மேசை 7 | ஞாயிறு, இரவு 11.31

2,480 வெள்ளிக்கு இன்னொரு தடவை தாலி கட்டிப் படம் எடுத்துவிடலாமே.

செந்தூல்காரன் | ஞாயிறு, இரவு 11.40

@மேசை 7, இதை வீட்டில் சொன்னால் அடுத்த கல்யாணச் செலவே மிச்சமாகும், நான் ஆளே இருக்க மாட்டேன்.

@லைட்பாக்ஸ் அண்ணே, எல்லாம் ஜேபெக். காலையில் கூப்பிட்டுக் கேட்கிறேன்.

தண்ணீர்மலை அடிவாரம் | திங்கள், காலை 7.05

பினாங்கிலிருந்து எழுதுகிறேன், நானும் கல்யாணப் படம் எடுப்பவன்தான். அந்த ஆளைத் திட்டுவதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். மேடை விளக்கு அவர் கையில் இல்லை. மண்டபத்தில் ஒருவர் மூலையில் ஒரு பெட்டியோடு உட்கார்ந்து, நாதஸ்வரம் ஏறினால் நீலம், கெட்டிமேளம் என்றால் ஊதா என்று தட்டிக்கொண்டிருப்பார். கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும், மூளை தோலின் நிறத்தைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும். கேமராவுக்கு மூளை கிடையாது.

ஆனால் பட்டை விழுந்ததற்கு அவர்தான் பொறுப்பு. நம் நாட்டு மின்சாரம் 50 சுழற்சி, சாதாரண விளக்கு வினாடிக்கு 100 தடவை மினுக்கும். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/50 அல்லது 1/100 வினாடியில் வைத்தால் ஒவ்வொரு படத்துக்கும் முழு மினுக்கல் கிடைக்கும். 1/320-க்குப் போனால் பாதி மினுக்கலில் மாட்டும், அதுவும் சத்தம் வரக்கூடாது என்று எலக்ட்ரானிக் ஷட்டரில் வைத்துவிட்டால் சென்சார் (கேமராவுக்குள் ஒளியைப் பிடிக்கும் தகடு) மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் படிப்பதால் பட்டை பட்டையாகவே விழும். மேடை எல்இடி விளக்குகள் ஒளியைக் குறைக்க இதைவிட வேகமாக அணைந்து எரியும், ஒவ்வொன்றும் ஒரு கணக்கு. ஐந்து படம் சோதனைக்கு எடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

பட்டையைச் சரி செய்யலாமா என்றால், சுவரில் விழுந்தது ஐந்து நிமிட வேலை. முகத்தில் மூக்குக்குக் குறுக்கே விழுந்தது ஒரு மணி நேரம், அதற்குப் பிறகும் ஒரு கன்னம் நேற்று எடுத்தது மாதிரியும் இன்னொரு கன்னம் இன்று எடுத்தது மாதிரியும் நிற்கும்.

ஒரு சந்தேகம். வாசலில் எடுத்த வெள்ளைப் படங்களில் முதல் நாலைந்து மட்டும் பால் ஊற்றிய மாதிரி இருக்கிறதா, அப்புறம் போகப் போகத் தெளிகிறதா?

செந்தூல்காரன் | திங்கள், மதியம் 1.10

ஆமாம்! முதல் ஆறு படம் பனிமூட்டம். எப்படித் தெரியும்?

தண்ணீர்மலை அடிவாரம் | திங்கள், மதியம் 1.25

ஏர்கோன் மண்டபத்தில் மூன்று மணி நேரம் குளிர்ந்த லென்ஸை வெளியே கொண்டுவந்தால் ஐஸ் மைலோ டம்ளர் மாதிரி வியர்த்துவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் பத்து நிமிடமாவது ஆகும். துடைத்தாலும் திரும்பப் படியும். கேமராவைப் பையோடு முன்னாலேயே வெளியே அனுப்பிவிட வேண்டும், அல்லது பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுபோய் அதிலேயே சூடேற விட வேண்டும். அந்த ஆறு படத்தில் மூட்டத்தை நீக்கும் ஸ்லைடரை இழுத்தால் கறுப்பு கறுப்பாகும், நிறம் திரும்பும், ஆனால் ஜரிகை இழை திரும்பாது. ஆல்பத்தில் சின்னதாகப் போட்டால் யாருக்கும் தெரியாது, அதனால் அவற்றை 40 வெள்ளிப் பட்டியலில் சேர்க்காதீர்கள், நீங்களே போனில் செய்யலாம்.

அப்புறம் வெளியே எடுத்த நேரம் என்ன? கண்குழி எல்லாம் கறுத்திருந்தால் ஒரு மணி வாக்கில் எடுத்திருப்பார். பன்னிரண்டு மணிதான் உச்சி வெயில் என்று நினைத்துக்கொண்டு ஒரு மணிக்கு வெயில் சாயும் என்று எல்லாரையும் வெளியே இழுத்துவிடுவார்கள். 1982-ல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளியதிலிருந்து கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வருவதே 1.15 வாக்கில்தான்.

செந்தூல்காரன் | திங்கள், இரவு 9.15

12.50. படத்திலேயே நேரம் இருக்கிறது.

பெரிய செய்தி: அவர் கேமராவில் இரண்டு கார்டு. ஒன்றில் ஜேபெக், ஒன்றில் ரா. அன்றைக்கு ரா எடுத்த கார்டுகளில் ஒன்றை அழித்து மறுபடியும் உபயோகித்துவிட்டார், இன்னொரு ரா கார்டு அழித்தபடி பையில் கிடக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டே கொடுத்தார், நல்ல மனிதர்தான். பிரிக்பீல்ட்ஸில் கணினி வேலை பார்க்கும் மச்சான் ஒருவர் இரவு முழுக்க ஓட்டுகிறார்.

பழைய லைட்பாக்ஸ் | திங்கள், இரவு 10.02

வந்தவரை லாபம். அதற்குள் நீலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த எடிட்டர் இதில்தான் உங்களை ஏமாற்றுவார், தெரிந்தோ தெரியாமலோ.

தோல் தோலாகத் தெரிவதற்குச் சிவப்பும் பச்சையும் வேண்டும். நீல எல்இடியில் நீலம் மட்டும்தான் இருக்கிறது. தங்கச்சி முகத்தில் சிவப்பு ஒளி விழவே இல்லை, விழாதது திரும்பி வராது. உங்கள் ஜேபெக்கில் முகத்தின் மேல் அளந்து பாருங்கள், நீலம் 255-ல் முட்டி நிற்கும், சிவப்பு பத்தோ பதினைந்தோ. இந்தப் பதினைந்தை இழுத்து நூற்றைம்பது ஆக்கினால் வருவது தோல் நிறம் இல்லை, புள்ளி புள்ளியாக மாவுப்பூச்சி மாதிரி சிவப்பு இரைச்சல். அதன் மேல் எடிட்டர் பழுப்பு வண்ணத்தை ஒரு லேயராகப் பூசுவார். அந்தக் காலத்தில் கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் சாயம் பூசுவார்களே, அதே வேலைதான், கணினியில்.

வழி இருக்கிறது. கறுப்பு வெள்ளை. சென்சாரில் பாதிப் புள்ளிகள் பச்சை வடிகட்டியின் கீழ் இருக்கின்றன, கால்வாசி சிவப்பு, கால்வாசி நீலம். அந்தப் பச்சை வடிகட்டி நீலத்தையும் கொஞ்சம் கசிய விடும். நீலப் புள்ளிகள் நிரம்பி வழிந்திருந்தாலும் பச்சைப் புள்ளிகளில் முகத்தின் மேடு பள்ளம் பத்திரமாக இருக்கும். ரா கிடைத்தால் அதை மட்டும் பிரித்தெடுத்து அழகான கறுப்பு வெள்ளை செய்யலாம். ஜேபெக்கிலும் செய்யலாம், ஆனால் கேமரா ஏற்கெனவே நிறத்தைக் கலந்து சமைத்துவிட்டதால் கன்னத்தில் திட்டுத் திட்டாக வரும்.

வெயிலில் வெள்ளையாகிப் போனதும் இதே கணக்குதான். மூன்று நிறமும் நிரம்பிவிட்டால் அங்கே ஒன்றும் இல்லை, ஸ்லைடரை இழுத்தால் வெள்ளை சாம்பலாகும், அவ்வளவுதான். ஒன்றோ இரண்டோ நிறம் தப்பியிருந்தால் ராவில் ஓரளவு மீட்கலாம். இருட்டாக எடுத்ததைத் தூக்குவது எப்போதும் இதைவிடச் சுலபம், இரைச்சல் வரும், ஆனால் ஏதாவது வரும். அதனால்தான் வெயிலில் ஒரு படி குறைத்து எடு என்று பழைய ஆட்கள் தொண்டை வற்றக் கத்துவார்கள்.

தண்ணீர்மலை அடிவாரம் | திங்கள், இரவு 10.30

அண்ணன் சொன்னதோடு ஒன்று. கூறைச் சேலை அரக்குச் சிவப்பா? அதையும் பாருங்கள். நல்ல வெளிச்சத்தில் எடுத்த படத்திலும் பட்டின் சிவப்பு மட்டும் தனியாக நிரம்பிவிடும். கேமராவின் பொது ஹிஸ்டோகிராம் (வெளிச்சத்தின் அளவைக் காட்டும் வரைபடம்) ஒழுங்காகத்தான் காட்டும், மூன்று நிறத்தையும் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். மடிப்பும் புட்டாவும் மறைந்து சேலை மழைக்கோட்டு மாதிரி ஆகிவிடும். நானே என் முதல் இரண்டு வருடம் எத்தனை காஞ்சிபுரத்தைப் பிளாஸ்டிக் ஆக்கியிருக்கிறேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

விரல்நுனி | செவ்வாய், காலை 12.14

எல்லாரும் 2005-லேயே நிற்கிறீர்கள். இப்போது ஏஐ இருக்கிறது. மங்கல் முகத்தைப் போட்டால் முப்பது வினாடியில் இமை முடி வரைக்கும் எண்ணலாம். நிறமும் அதுவே போடும். 40 வெள்ளியும் வேண்டாம், ஒரு வெள்ளியும் வேண்டாம். ரா, மாவு, தோசை என்று பயமுறுத்தாதீர்கள்.

பௌதிகம் சார் | செவ்வாய், காலை 6.40

பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு கதை.

1990-ல் ஹபிள் தொலைநோக்கியை விண்வெளிக்கு அனுப்பினார்கள். படம் மங்கலாக வந்தது. கண்ணாடியின் விளிம்பில் 2.2 மைக்ரான் அதிகமாகத் தேய்த்துவிட்டார்கள், தலைமுடிப் பருமனில் சுமார் ஐம்பதில் ஒரு பங்கு. பிழை எப்படிப்பட்டது என்பது துல்லியமாகத் தெரியும், உலகத்தின் நல்ல கணித மூளைகள் அதைக் கணினியில் திருப்பிப் பிரித்தெடுத்தன. பிரகாசமான பொருள்கள் ஓரளவு தெளிந்தன. மங்கலானவை போனது போனதுதான். கடைசியில் 1993 டிசம்பரில் ஆட்களை ராக்கெட்டில் ஏற்றி அனுப்பி, ஹபிளுக்கு மூக்குக் கண்ணாடி போட்டுவிட்டு வந்தார்கள். மென்பொருளில் முடிந்திருந்தால் அந்தச் செலவைச் செய்திருக்க மாட்டார்கள்.

அப்பா கை அசைந்த படத்தில் அந்த அசைவு எப்படிப்பட்டது என்று யாருக்குத் தெரியும்? கேமரா ஆடியிருந்தால் படம் முழுக்க ஒரே மாதிரி ஆடியிருக்கும், அதைக் கணித்து ஓரளவு திருப்பலாம், 2013-ல் போட்டோஷாப்பிலேயே அதற்கு ஒரு வசதி வந்தது. ஆள் அசைந்தால் கை ஒரு வேகம், தலை ஒரு வேகம், அட்சதை ஒரு வேகம். கூர்மையாக்கும் ஸ்லைடர் ஓரங்களின் கறுப்பு வெள்ளை வித்தியாசத்தைத்தான் கூட்டும், மங்கலுக்கு வரப்பு கட்டும், உள்ளே நெல் வளராது.

ஏஐ பற்றி: 2020-ல் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய பல்ஸ் என்ற கருவியில் ஒருவர் ஒபாமாவின் கட்டம் கட்டமான சின்னப் படத்தைப் போட்டார். தெளிவான முகம் வந்தது, ஒரு வெள்ளைக்காரர் முகம். கருவி ஒபாமாவைத் தேடவில்லை. இந்த மங்கலுக்குப் பொருந்தக்கூடிய ஒரு முகத்தை, தான் அதிகம் பார்த்த முகங்களிலிருந்து செய்து கொடுத்தது. அதற்கப்புறம் கருவிகள் எவ்வளவோ முன்னேறிவிட்டன, ஆனால் வேலை அதே வேலை.

விரல்நுனி | செவ்வாய், காலை 8.02

சார், அது 2020. பாட்டி படத்தைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.

செந்தூல்காரன் | செவ்வாய், மாலை 6.50

போட்டுப் பார்த்தேன்.

என் பாட்டிக்கு 84 வயது. தோட்டத்தில் பால் வெட்டிய காலத்திலிருந்து வெற்றிலை. மேல் வரிசையில் இரண்டு பல் இல்லை, இருக்கிறவையும் செங்கல் நிறம். இடது புருவத்துக்கு மேல் ஒரு மச்சம். அந்தப் படத்தில் வாய் விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். ஏஐ கொடுத்த பாட்டிக்குப் பற்பசை விளம்பரப் பல், மச்சம் இல்லை, தோல் வழவழ. மூக்குத்தி ஒரு பக்கம்தான் போட்டிருந்தார், இதில் மூக்குத்தியே மூக்கோடு உருகி ஒரு பளபளப்பாகிவிட்டது. அம்மாவிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, "மாப்பிள்ளை வீட்டு ஆளா?" என்றார்.

அப்பா படத்தையும் போட்டேன். கையில் ஆறு விரல். அவருக்கு அது பிடித்திருக்கிறது, அதைப் போனில் வைத்துக்கொண்டு சுற்றுகிறார்.

மாமாக்கடை மேசை 7 | செவ்வாய், மாலை 7.01

ஆறு விரல் இருந்தால் மொய் வாங்க வசதி.

விரல்நுனி | செவ்வாய், இரவு 8.20

சரி, முகத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதற்குமே ஆகாது என்று சொன்னால் அதுவும் தப்பு. போன வருடம் ஜார்ஜ்டவுனில் ஆர்மீனியன் ஸ்திரீட் சைக்கிள் சுவரோவியத்துக்கு முன்னால் அக்காவுக்குக் கல்யாணத்துக்கு முந்திய படம் எடுத்தோம். 2012-ல் வரைந்த ஓவியம், இன்னும் அதன் முன்னால் வரிசை நிற்கிறது. பின்னால் குடையோடு இரண்டு பேர், ஐஸ் கச்சாங்கோடு ஒரு பையன். மூன்று பேரையும் துடைத்துவிட்டு வெறும் சுவரை நிரப்பியது, எங்கே ஒட்டியது என்று எனக்கே தெரியவில்லை.

பழைய லைட்பாக்ஸ் | செவ்வாய், இரவு 9.05

உண்மை, அதில் சண்டையே இல்லை. 2010-லேயே போட்டோஷாப் அப்படி நிரப்ப ஆரம்பித்துவிட்டது, 2023-லிருந்து வார்த்தையில் சொன்னாலே வரைகிறது. சுவர், புல், வானம், மண்டபத் திரை, தரையில் கிடக்கும் வயர், தீயணைப்பான், மணமேடைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் கேட்டரிங் பையன், எல்லாம் போய்விடும். ஏனென்றால் அந்தச் சுவர் உண்மையில் எப்படி இருந்தது என்று யாரும் கேட்கப் போவதில்லை. பாட்டி எப்படி இருந்தார் என்று உங்கள் அம்மாவுக்குத் தெரியும்.

செந்தூல் தம்பிக்கு: பாட்டிக்கு வேறு வழி இருக்கிறது. அன்றைக்கே, அதே மேடையில், அதே மாதிரி வெளிச்சத்தில் பாட்டி தெளிவாக விழுந்த படம் ஒன்று இருக்கிறதா? இருந்தால் அந்த முகத்தை இந்தப் படத்தில் பொருத்தலாம். கண் மூடியவர்களுக்கு நாங்கள் தினமும் செய்வதுதான். வெளிச்சம் வரும் திசையும் தலை சாய்ந்த கோணமும் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் கழுத்தில் தெரியும். உறவினர்கள் போனில் எடுத்திருந்தால் அதையும் வாங்குங்கள், ஆனால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிக் கொன்றுவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்தில் ஒழுங்காக அச்சடிக்க 3,600-க்கு 5,400 புள்ளி வேண்டும்.

பௌதிகம் சார் | செவ்வாய், இரவு 9.30

அடுத்த படத்திலிருந்து முகம் எடுப்பது மட்டும் பொய் இல்லையா என்று என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறாள். நல்ல கேள்வி.

பழைய லைட்பாக்ஸ் | செவ்வாய், இரவு 9.52

பொய்தான் சார், சின்னப் பொய். அது அதே பாட்டி, அதே நாள், அதே சிரிப்பு. செய்திப் படம் என்றால் அதுவும் கூடாது. 2006-ல் லெபனான் போர்ப் படம் ஒன்றில் புகையை நகலெடுத்து அடர்த்தியாக்கினார் என்று ஒரு போட்டோகிராபரின் 920 படங்களை ராய்ட்டர்ஸ் மொத்தமாக விலக்கிக்கொண்டது. அது அவர்கள் சட்டம். கல்யாண ஆல்பத்துக்குச் சட்டம் வீட்டு அம்மாதான், அவர் சரி என்றால் சரி.

கிள்ளான் மருமகள் | புதன், காலை 11.15

இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். முடியாததைப் பற்றியே பேசுகிறீர்கள், முடிவதைப் பற்றி நான் ஒன்று சொல்கிறேன். என் கல்யாணப் படத்தில் ஒரு குறையும் இல்லை, வெளிச்சம், ஃபோகஸ் எல்லாம் அருமை. எடிட்டர் என்னைக் கேட்காமலே இரண்டு மூன்று படி வெளுப்பாக்கிவிட்டார். முகம் ஒரு நிறம், மருதாணி போட்ட கை என் நிறம். என் அப்பா பக்கத்தில் நிற்கிறார், அவரையும் வெளுக்க மறந்துவிட்டார்கள், அதனால் பார்க்கிறவர்கள் "அப்பா மாதிரி இல்லையே" என்கிறார்கள். நான் அச்சு அசல் அப்பா மாதிரி. திருப்பிக் கொடுத்து மறுபடி அச்சடிக்கச் சொன்னால் "எல்லாப் பொண்ணுங்களும் இப்படித்தான் கேப்பாங்க அக்கா" என்றார்கள். நான் கேட்டேனா?

தண்ணீர்மலை அடிவாரம் | புதன், மதியம் 12.40

வெட்கமாகத்தான் இருக்கிறது அக்கா. தயாராக வைத்திருக்கும் ஒரு பிரிசெட்டை (நிற அமைப்பை) 900 படத்துக்கும் ஒரே தட்டில் போட்டுவிடுவார்கள், அதில் ஆரஞ்சு நிறத்தின் வெளிச்சத்தைத் தூக்கி வைத்திருக்கும், நம் தோல் முழுக்க அந்த ஆரஞ்சில்தான் இருக்கிறது. யாரும் உட்கார்ந்து உங்களைப் பார்த்து வெளுக்கவில்லை என்பதுதான் இன்னும் மோசம். ஒல்லியாக்குவதும் அப்படித்தான். இடுப்பை உள்ளே தள்ளினால் பக்கத்தில் இருக்கும் வாழைமரமும் கூடவே வளையும். நான் பார்த்த ஒரு ஆல்பத்தில் மணவறைத் தூணே கர்ப்பமாக இருந்தது.

ரா கேட்டு வாங்குங்கள். இருந்தால் உங்கள் நிறத்துக்குத் திரும்புவது அரை நாள் வேலை.

கிள்ளான் மருமகள் | புதன், மதியம் 12.58

எட்டு வருடம் ஆகிறது தம்பி. ஆனாலும் கேட்டுப் பார்க்கிறேன்.

செந்தூல்காரன் | வெள்ளி, இரவு 11.30

முடிவைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் எல்லாரும் இவ்வளவு எழுதியதற்கு அது மரியாதை.

கார்டிலிருந்து 341 ரா கோப்பு வந்தது. சில பாதி சாம்பல் நிறத்தில் உடைந்து போயிருந்தன. தாலி கட்டும் படங்களில் 19-க்கு 11 கிடைத்தது. லைட்பாக்ஸ் அண்ணன் சொன்ன மாதிரி பச்சையை மட்டும் பிரித்ததில் ஏழு படம் நிஜமாகவே நன்றாக வந்தன, தங்கச்சி கண்ணில் தண்ணீர் நிற்பது நீலத்தில் தெரியவே இல்லை, இதில் தெரிகிறது. ஆல்பத்தில் அந்த இரண்டு பக்கம் மட்டும் கறுப்பு வெள்ளை. மாமா ஒருவர் மட்டும் "காசு மிச்சம் பிடிக்கவா கலர் போடலை" என்றார்.

வெயில் படங்களில் வானம் திரும்பவில்லை, மாப்பிள்ளையின் வேட்டிக்கரை திரும்பியது. பாட்டிக்குச் சித்தப்பாவின் போனில் ஒரு படம் கிடைத்தது, மேடையில், கிட்டத்தட்ட அதே கோணம். அந்த எடிட்டரிடம் திரும்பப் போகவில்லை, இந்த இழையில் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பிய ஒருவரிடம் 9 படம் மட்டும் கொடுத்தேன். பட்டை விழுந்த 14 படத்தையும் தூக்கிப் போட்டாச்சு. அப்பாவின் அட்சதைப் படம் அப்படியே போகிறது, அவர் ஆறு விரல் படத்தைத்தான் கேட்டார், அம்மா மறுத்துவிட்டார்.

இன்னொரு விஷயம். டிசம்பரில் தம்பிக்குக் கல்யாணம், அதே மண்டபம், முன்பணம் எல்லாம் கட்டியாச்சு. விளக்கை மாற்றாதே என்று யாரிடம் சொல்ல வேண்டும்? மேலாளரிடம் சொன்னேன், சரி சரி என்கிறார்.

தண்ணீர்மலை அடிவாரம் | சனி, காலை 6.20

மேலாளர் சரி என்பார், அந்த நேரத்தில் சாப்பாட்டு ஹாலில் நிற்பார். காலையிலேயே போய் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரைப் பிடியுங்கள். முதலில் தே வாங்கிக் கொடுங்கள். தாலி கட்டி முடித்து மெட்டி போடும்வரை வெள்ளை விளக்கு மட்டும், அதுவும் ஒரே மட்டத்தில், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம் என்று சொல்லுங்கள். வரவேற்புக்கு அவர் இஷ்டப்படி விளையாடட்டும். உருமி மேளம் வந்துவிட்டால் யார் சொன்னாலும் கேட்க மாட்டார், அதற்கு முன்னால் முடித்துக்கொள்ளுங்கள்.

பழைய லைட்பாக்ஸ் | சனி, காலை 8.45

புகை மிஷினையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

செந்தூல்காரன் | சனி, காலை 9.02

புகை மிஷின் வேறு இருக்கிறதா??